இலாசரின் கட்டும் பாம்பின் சட்டையும்



தவக்காலத்தின் ஐந்தாம் ஞாயிறான இன்று, யோவான் நற்செய்தி 11-ஆம் அதிகாரத்திலிருந்து இலாசர் உயிர்பெற்று எழுந்ததைக் கேட்டோம். கல்லறையிலிருந்து அவரை அழைத்தவர் ஆண்டவர். கை கால்களில் சுற்றியிருந்த கட்டுகளை அவிழ்க்கும் வேலையை மட்டும் பக்கத்தில் நின்றவர்களுக்குக் கொடுத்துவிட்டார். அந்த வேலையை எப்படிச் செய்வது? அதைச் சொல்ல ஒரு பாம்பைக் கொண்டுவருகிறேன், முகம் சுளிக்காதீர்கள். பாம்பின் முன்மதியைச் சீடர்களுக்கு எடுத்துக்காட்டியவர் இயேசுவேதான்.

ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட பால் பைதான் என்ற சிறு மலைப்பாம்பை அமெரிக்காவில் பலர் வீட்டில் வளர்க்கிறார்கள். சட்டை உரிக்கும் காலம் நெருங்கினால் அதன் கண் நீலம் பாய்ந்து மங்கிவிடும். பார்வை குறையும், இரை எடுக்காது, தொட்டால் சீறும். சில நாளில் கண் தெளியும். பிறகு மூக்கைக் கல்லிலோ கட்டையிலோ உரசி, உதட்டோரத் தோலைக் கிளப்பி, வால்வரை ஒரே சட்டையாகக் கழற்றிப் போட்டுவிட்டுப் போகும்.

கூண்டில் ஈரப்பதம் குறைந்தால் சட்டை துண்டு துண்டாக ஒட்டிக்கொள்ளும். அப்படியே விட்டால் வால் நுனியில் வளையமாக இறுகி, இரத்த ஓட்டம் நின்று, நுனியே பட்டுப்போகும். பிய்த்து எடுத்தாலோ அடியிலுள்ள புதுத்தோலும் கிழியும். பாம்புக்கு இமை இல்லை. கண்ணை மூடியிருப்பது கண்ணாடி போன்ற ஒரு செதில். அதன்மேல் ஒட்டிய பழைய படலத்தைச் சாமணத்தால் நோண்டினால் கண்ணுக்கே ஆபத்து.

விவரம் தெரிந்தவர்கள் ஒரு பெட்டியில் ஈரப்பாசி நிரப்பி, பாம்பு நுழைந்து படுக்க வாசல் வெட்டி வைக்கிறார்கள். ஆழமில்லாத வெதுவெதுப்பான நீரில் சிறிது நேரம் கிடக்க விட்டு, பக்கத்திலேயே இருக்கிறார்கள். பிறகு ஈரத்துண்டைக் கைகளில் தளர்வாகப் பிடித்துக்கொள்கிறார்கள். பாம்பு அதனூடே தானாக ஊர்ந்து போகும்போது பழைய தோல் துண்டில் தங்கிவிடுகிறது. கண் படலம் மட்டும் கழலவில்லையா? அடுத்த சட்டை வரும்வரை காத்திருப்பார்கள், அல்லது கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோவார்கள்.

பழைய இயல்பைக் களைவதைப் பற்றிப் பவுலடியார் கொலோசையருக்கு எழுதினார். குடியை விட்டு, ஒப்புரவு அருளடையாளம் பெற்று வீடு திரும்பிய மகனிடம் அது ஒரே நாளில் முழுசாக நடந்துவிட வேண்டும் என்று நினைக்கிறோம். பழைய கோபத்தில் ஒரு துண்டு இன்னும் ஒட்டியிருப்பதைக் கண்டால், "இவன் திருந்த மாட்டான்" என்று சாப்பாட்டு நேரத்தில் எல்லார் முன்னாலும் பிய்க்கிறோம். சில வீடுகளில், பட்டது போதும் என்று கண்டுகொள்ளாமலே விட்டுவிடுகிறார்கள். அந்த வலி எனக்குப் புரிகிறது. ஆனாலும் தனித்து விடப்பட்டவர் மறுபடி விழுவது எளிது என்பதால் கேட்கிறேன்.

உயிர்ப்புப் பெருவிழாவுக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், இந்த நாள்களில் பழைய கதையை எடுக்காதீர்கள். எரிந்து விழுந்தால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். மருத்துவரிடமோ குருவானவரிடமோ போக அவர் துணை கேட்டால், கூடவே போய் வாருங்கள்.