ஒரே கிண்ணம்

திருவிருந்து விசுவாசத்தைப் பலப்படுத்துகிறது என்பதில் திருச்சபைகளுக்கிடையே பேதமில்லை. அப்பமும் திராட்சை இரசமும் கிறிஸ்துவின் உடலும் இரத்தமுமாக மாறுகின்றனவா, நினைவுச் சின்னங்களாகவே நிற்கின்றனவா என்பதில்தான் 1500களிலிருந்து வழக்கு. அவ்வழக்கில் நாம் புகவில்லை. விசுவாசம் பலப்படுவது எவ்வாறு என்பதே நமது கேள்வி.

இவ்விருந்தில் பங்குபற்றுவதைப் பவுல் 'கொய்னோனியா' என்ற கிரேக்கச் சொல்லாற் குறித்தார். சீமோன் பேதுருவுடன் மீன்பிடித் தொழிலிற் கூட்டாளிகளாயிருந்தோரை லூக்கா சுட்டுவதும் அதே வேரிற் பிறந்த சொல்லாலேயே. ஆலயத்துக்கு மட்டும் உரியதன்று அது. தொழிலையும் அதன் பலனையும் பகிர்ந்தோரின் சொல்லுமாகும்.

கொரிந்துப் பட்டினத்துச் சபையில் வசதி படைத்தோர் முந்தி உண்டு வெறித்திருந்தனர், இல்லாதோர் பசியோடிருந்தனர். ஏறத்தாழ கி.பி. 55இல் பவுல் அவர்களுக்குக் கடுமையாக எழுதினார். அவர்கள் உண்பது ஆண்டவரின் விருந்தே அன்று என்பது அவர் தீர்ப்பு. அப்பம் இருந்தது, கிண்ணமும் இருந்தது. ஆயினும் விருந்து நிகழவில்லை! இவ்விருந்தைப் பற்றி நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய எழுத்துச் சான்று இக்கண்டனத்தினூடே வருவது என்பதை நாம் ஆழ்ந்து நோக்க வேண்டும்.

தமிழ் மண்ணிலும் இது நிகழ்ந்தது. தஞ்சாவூர்ச் சபைகளில் சாதிக்கிறிஸ்தவர் தனியே அமர்ந்தனர். திருவிருந்துக்கு முதலில் வந்தனர். 1833இல் கல்கத்தாப் பேராயர் டானியல் வில்சன் இவ்வழக்கத்தைத் தடைசெய்தார். பலர் சபையை விட்டே விலகினர். பேராயரின் சொந்த நாட்டு ஆலயங்களிலும் பணம் கொடுத்தோருக்குத் தனி ஆசனங்கள் இருந்தன என்பதை மறத்தற்கில்லை. எனினும் விலகியோர் ஓர் உண்மையைக் காட்டிச் சென்றனர். திரித்துவத்தையும் உயிர்த்தெழுதலையும் ஏற்பதில் அவர்களுக்குத் தடையிருக்கவில்லை. தாழ்த்தப்பட்டவன் வாய்வைத்த கிண்ணமே தடையாயிற்று. அருவருப்பை விழுங்கி அக்கிண்ணத்திற் பருகியவனோ, தான் நம்புவது இன்னதென்று அன்றே அறிந்திருப்பான். விசுவாசம் பலப்படுவது அவ்விடத்திலேதான் என்பது நம் துணிபு. 1920களின் இறுதியில் யாழ்ப்பாணப் பள்ளிக்கூடங்களில் எழுந்த சம ஆசன, சம போசனப் போராட்டத்தை அறிந்தோர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1977இல் திஸ்ஸ பாலசூரிய அடிகளார் நற்கருணையையும் மானிட விடுதலையையும் இணைத்து ஒரு நூல் எழுதினார். இத்தனை பூசைகள் நிகழ்ந்தும் கிறிஸ்தவர் தன்னலத்தோடு வாழ்வது எதனால் என்று அதிலே கேட்டார். ஞாயிறன்று ஒரே அப்பத்தைப் பகிர்ந்த முதலாளியும் தொழிலாளியும், திங்களன்று சம்பளம் பேச எதிரெதிரே அமரும்போதும் அக்கேள்வி அவர்களிடையே இருக்கிறது.