முழங்கால் நோவும் பகவன் காட்டிய வழியும்



மூணாறு மலைச்சரிவுகளில் கொழுந்து கிள்ளும் தாய்மார் பலர், மூட்டுத் தேய்ந்து முழங்கால் வீங்கிய பின்னரும் சுமையோடு மேடேறுகின்றனர். வேலை நின்றால் கூலி நிற்கும். ஆதலின் நோவை மறைக்கின்றனர். ‘எல்லாம் முற்பிறப்பின் வினை’ என்று தம்மையே நொந்துகொள்வாரும் உளர்.

இது பகவன் புத்தர் போதித்ததன்று. நாம் நுகரும் துன்பமெல்லாம் பழவினைப் பயன்தானோ என்று மோலிய சீவகன் என்னும் துறவி வினவினான். பித்தம், கபம், வாதம், பருவ மாறுதல் முதலாக எட்டுக் காரணங்களைப் பகவன் எடுத்துரைத்தார். பழவினை அவற்றுள் ஒன்றே. அனைத்தையும் அதன்மேல் ஏற்றுவது பிழை என்றார்.

கபிலவத்துவில் சாக்கியர் கட்டிய புதிய மண்டபத்தில் இரவு நெடுநேரம் அறமுரைத்த பகவனுக்கு முதுகு நொந்தது. அதனை அவர் ஒளித்தாரில்லை. ஆனந்தரைத் தொடர்ந்து பேசப் பணித்து, மேலாடையை நான்காக மடித்து விரித்து, வலப்புறமாகச் சாய்ந்து படுத்தார். அறவுரையோ நிற்கவில்லை.

பகவனே ஓய்வு கொண்டாரெனில் நமக்கு நாணமேன்? நோவுற்றோர் மருத்துவரை நாடுக. தொடைத் தசையை வலுவாக்கும் பயிற்சியைக் கற்று நாள்தோறும் செய்க. நோய்க்கு விடுப்புக் கேட்டல் இரத்தலன்று. அண்டை வீட்டார் ஆனந்தரைப்போல் விறகும் நீரும் சுமந்து உதவுக. உடல் நொந்தாலும் உள்ளம் நோகாதிருக்கப் பழகுவோமாக!

சர்வ மங்களம் உண்டாகுக.