மருந்து வாணிகமும் மனச்சான்றும்

மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்துக் காட்டினார் வள்ளுவர்: நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து கவனிப்பவன். பிற்காலத்தில் இவர்களிடையே ஐந்தாமவன் ஒருவன் வந்து சேர்ந்திருக்கிறான். கழுத்துப்பட்டியும் கைப்பையுமாக, வைத்தியரின் அறை வாயிலில் நோயாளரோடு நோயாளராய்க் காத்து நிற்கும் மருந்துக் கம்பெனிப் பிரதிநிதியையே குறிப்பிடுகிறேன். அவனுடைய தொழில் அறத்தோடு பொருந்துமா என்று கேட்டால், "எல்லா வியாபாரத்திலும் உள்ளதுதானே!" என்று பலரும் எளிதில் விடை கூறிவிடுகின்றனர். அவ்விடை போதுமானதன்று.

பதுளைச் சந்தையில் தோட்டத்துப் பெண்ணொருத்தி கருவாடு வாங்குகிறாள். முகர்ந்து பார்க்கிறாள், விலை பேசுகிறாள், பிடிக்காவிட்டால் அடுத்த கடைக்கு நடக்கிறாள். வியாபாரி எவ்வளவுதான் புகழ்ந்தாலும் அவளுக்குத் துணையாக அவளுடைய மூக்கு இருக்கிறது. மருந்தின் நிலை வேறு. தேர்ந்தெடுப்பவர் ஒருவர், உட்கொள்பவர் இன்னொருவர், பணம் கொடுப்பவர் பெரும்பாலும் மூன்றாமவர். அதிலும், புற்றுநோய்க்கும் சிறுநீரக நோய்க்கும் பெரிய மருத்துவமனைகளில் விசேட வைத்திய நிபுணர் எழுதும் மருந்துகளின் பெயரை உச்சரிக்கக்கூட நோயாளிக்கு இயலாது. எவனுடைய உடலுக்குள் தன் சொல்லின் பயன் சென்று சேரப்போகிறதோ, அவனிடம் பிரதிநிதி ஒரு சொல்லும் பேசுவதில்லை. முகம் காணாத ஒருவனின் இரத்தத்தைப் பற்றி இருவர் பேசி முடிவுசெய்கின்றனர். அவ்விருவரில் ஒருவனுக்கு அம்முடிவால் ஆதாயம் உண்டு.

இலவச வைத்தியம் உள்ள நாட்டில் இதனால் ஏழைக்கு என்ன நட்டம் என்று கேட்கலாம். வைத்தியசாலையில் மருந்து தீர்ந்தால், வெளியே வாங்கும்படி துண்டு எழுதித் தருகிறார்கள். 2022இன் அந்நியச் செலாவணி நெருக்கடியில் நாடெங்கும் இத்துண்டுகள் பெருகின. துண்டில் இருப்பது மருந்தின் பொதுப்பெயரா, கம்பெனியின் வணிகப் பெயரா என்பதைப் பொறுத்து, லயத்து அறையில் அடகுக்குப் போகும் நகையின் அளவு மாறும். நாட்கூலியை 1000 ரூபாயாக்கவே 2021 வரை போராட வேண்டியிருந்த மக்கள் இவர்கள் என்பதை நினைவிற் கொள்க.

இனி, அந்த ஐந்தாமவன் யார்? வானத்திலிருந்து இறங்கியவனல்லன். உயர்தரத்தில் உயிரியல் கற்று, மருத்துவ பீடத்துக்குரிய வெட்டுப்புள்ளியை மயிரிழையில் தவறவிட்ட என் மாணவன்தான். கொழுந்து கிள்ளிய தாயின் மகனுக்கு மோட்டார் சைக்கிளும் மாதச் சம்பளமும் தரும் அத்தொழில் பெரிய ஏற்றமே. அவனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு, ஓய்வூதியம் உறுதியான ஆசிரியனாகிய நான் அறம் பேசுவது எளிது. அத்தகைய அறத்தில் எனக்கு மதிப்பில்லை.

அவ்வாறு தொழில் செய்யும் பழைய மாணவன் ஒருவன் ஒருநாள் சொன்னான்: "நான் பொய் சொல்றதில்ல, சேர். கேட்காதத சொல்றதில்ல, அவ்வளவுதான்." இத்தொழிலின் அறச்சிக்கல் முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கியிருக்கிறது. அதே பயனைத் தரும் மலிவான மருந்தொன்று உண்டென்பதை அவன் மறுக்கவில்லை, கூறாமல் விடுகிறான். கூறினால் மாத இலக்கு எட்டாது. எட்டாவிட்டால் வேலை நிலைக்காது. மெய் பேசும் உரிமை அவனிடமிருந்து விலைக்கு வாங்கப்பட்டுவிட்டது. உழைப்பை விற்பவன் கைகளை மட்டுமே விற்கிறான் என்று நாம் எண்ணியிருந்தோம். இங்கே மௌனமும் கூலிக்கு விற்கப்படுகிறது.

இதனை நன்கு உணர்ந்த அறிஞர் ஒருவர் நம் ஊவாவிலேயே பிறந்தார். பதுளையிலிருந்து பசறை, லுணுகலை வழியாகச் செல்லும் நெடுஞ்சாலை பிபிலையை அடைகிறது. 1920இல் அவ்வூரிற் பிறந்த சேனக பிபிலே, பேராதனையில் மருந்தியற் பேராசிரியரானார். இடதுசாரித் தலைவரும் வைத்தியருமான எஸ். ஏ. விக்கிரமசிங்கவுடன் சேர்ந்து அவர் அளித்த அறிக்கையின் வழியே 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தோன்றிற்று. இன்று 'ஒசுசல' கடைகளால் நாம் அறியும் நிறுவனம் அதுவே. தனியார் இறக்குமதி செய்துவந்த ஏறத்தாழ 2100 மருந்துகள் 600 அளவுக்குக் குறைக்கப்பட்டன, பொதுப்பெயர்கள் முன்வைக்கப்பட்டன. மருந்தைப் பற்றிய அறிவு, அதை விற்று இலாபமடைபவனின் வாயிலிருந்து வரலாகாது என்பதே அத்திட்டத்தின் உயிர் என்று நான் கொள்கிறேன்.

எதிர்ப்பு இல்லாமலில்லை. 1974இல் கொலரா பரவியபோது, கூட்டுத்தாபனம் வாங்கிய மூலப்பொருளைக் கொண்டு டெட்ராசைக்கிளின் கப்ஸ்யூல் தயாரிக்க பைசர் கம்பெனி இணங்கவில்லை. ஆயத்தக் கப்ஸ்யூல்களை விமானத்தில் தருவிக்க நேர்ந்தது. பிபிலேயும் சஞ்சய லாலும் எழுதிய ஆய்வு இதைப் பதிவுசெய்கிறது. பிபிலே 1977இல் கயானாவில் காலமானார். அதே ஆண்டிலேதான் உலகச் சுகாதார நிறுவனம் தன் முதலாவது இன்றியமையா மருந்துப் பட்டியலை வெளியிட்டது.

அப்படியானால் அனைத்தையும் அரசின் கையில் ஒப்படைத்தால் தீர்ந்ததா? தீரவில்லை. 2023இல் அரச மருத்துவமனைகளுக்கு வழங்கப்பட்ட இம்யூனோகுளோபுலின் ஊசிமருந்து தரமற்றதெனக் கண்டறியப்பட்டது. அவ்விவகாரத்தில் முன்னாள் சுகாதார அமைச்சர் ஒருவரே 2024 பெப்ரவரியில் கைதானார். கொள்வனவு செய்யும் அரசும் ஒரு வாடிக்கையாளர்தான். அங்கும் நோயாளி முகமற்றவனே. கூட்டுத்தாபனம் என்ற பெயர்ப்பலகையை மட்டும் நம்பும் நம் தோழர்கள் சிலருக்கு இது கசக்கும்.

எனக்கு நம்பிக்கை தருவது வேறொரு செய்தி. இந்தியாவில் மருந்துப் பிரதிநிதிகளின் சங்கங்களது சம்மேளனமே உயர்நீதிமன்றத்துக்கும் மேலான உச்ச நீதிமன்றத்தை நாடியது. அவ்வழக்கு 2022இல் பரபரப்பாகப் பேசப்பட்டது. வைத்தியர்களுக்குப் பரிசும் பயணமும் கொடுத்து மருந்தெழுதச் செய்வதைத் தடுக்க வேண்டும், கம்பெனிகள் தாமே விரும்பி ஏற்கும் நடத்தை விதிகளுக்குச் சட்டத்தின் வலிமை வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. பரிசைச் சுமந்து செல்லப் பணிக்கப்பட்டவர்களே அதை நிறுத்துமாறு கேட்டார்கள். தனியொருவன் மௌனத்தைக் கலைத்தால் வேலை போகும். ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து கலைத்தால் அது வழக்காகிறது.

இச்செய்தியை அம்மாணவனிடம் கூறினேன். அவன் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "இங்க எத்தன பேர் கையெழுத்துப் போடுவாங்க, சேர்?" என்று கேட்டான். எனக்குத் தெரிந்த இருவரின் பெயரைச் சொன்னேன்.