விளையாத காய்க்கு விலை

ஆஸ்டின் டவுனில் வளரும் நம் பிள்ளைகள் தக்காளியின் விலையை அறிவர், செடியை அறியார். 2023 ஜூலையில் பெங்களூரில் அது கிலோ நூறு ரூபாயைக் கடந்தபோது முணுமுணுக்காதார் யார்? விலை வீழ்ந்த பருவங்களில் கோலார், கிருஷ்ணகிரி உழவர் அதே தக்காளியைச் சாலையோரம் கொட்டிச் சென்றனர். அப்போது நாம் முணுமுணுக்கவில்லை, நானும்தான்.

அமெரிக்காவில், மாசச்சூசெட்ஸ் மாநிலத்து லிங்கன் என்னும் ஊரில், 1991-இல் 'ஃபுட் புராஜெக்ட்' என்ற அமைப்புத் தோன்றியது. பாஸ்டன் நகரத்து இளைஞரும் புறநகர் இளைஞரும் அங்கே ஒருங்கு கூடி, ஊதியம் பெற்று, பயிர் செய்யக் கற்கின்றனர். விளைவில் ஒரு பகுதி பங்குதாரர்க்குச் செல்கிறது. இத்தகைய பங்குப் பண்ணைகளில் பருவம் தொடங்குமுன்பே பணம் செலுத்திவிட வேண்டும். மழை பொய்த்தால் கூடை சுருங்கும்; பணம் திரும்பாது.

விளையாத காய்க்கு விலை கொடுப்பது நியாயமாகுமா? வணிகக் கணக்கில் ஆகாது. என் மனமும் முதலில் ஒப்பவில்லை. ஆயினும் உழவன் தன் உழைப்பையன்றோ தருகிறான்? மழை அவன் கையில் இல்லையே! விதை, நீர், வெயில், மண்புழு, களை பறிக்கும் விரல் ஆகிய இவை கூடினாலன்றிக் காய் இல்லை. நாம் ஏட்டில் ஓதும் சார்பிற்றோற்றம் அவ்விளைஞர்க்குப் பாத்தியிலே விளங்குகிறது. பூச்சி தின்ற இலையைக் கண்டு பதறிய பிள்ளை, மெலிந்த கூடையைக் கண்டு உழவனைப் பழிப்பானோ?

நம் தெருக்களில் வயலுக்கு இடமில்லை. ஓசூர்ச் சாலையோ அருகிலேயே உள்ளது.