காப்பி, காஃபி

போன தீபாவளி விடுமுறையில் வேடசந்தூர் சித்தி வீட்டு மொட்டை மாடியில் ஒரு நிமிட வீடியோ ஒன்றைப் பதினோரு தடவை எடுத்தோம். போனைப் பிடித்துக்கொண்டிருந்தது நான். சித்தி மகள் வெள்ளையடித்த சுவருக்கு முன்னால் நின்று தன்னை ஆங்கிலத்தில் அறிமுகம் செய்துகொண்டாள். முதல் டேக்கை கரூர் ரோட்டில் போன லாரியின் ஹாரன் கெடுத்தது. இரண்டாவதைப் பக்கத்து வீட்டு கிரைண்டர். மூன்றாவது நன்றாகவே வந்தது. அதற்குப் பிறகு எடுத்த எட்டுக்கும் காரணம் நான்தான்.

"அந்த 'ஆர்'-ஐ அப்படி உருட்டாத பாப்பா." "வாக்கியம் முடியிற இடத்துல இழுக்காத." "டீச்சர்ங்கிறத வாய்க்குள்ளயே விடு, கடைசியில ஒன்னும் கேக்கக் கூடாது."

பதினோராவதை அவள் இரண்டு முறை போட்டுப் பார்த்தாள். "நல்லாத்தான்ணே இருக்கு. ஆனா இது யாரு?" என்றாள். நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

ஊரில் ஒரு மெட்ரிக் பள்ளியில் ஆறாவதிலிருந்து எட்டாவது வரை ஆங்கிலம் எடுக்கிறாள். பி.ஏ. ஆங்கிலம், பி.எட். வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் வீட்டில் யாராவது ஒருவர் சுற்றுவட்டார நூல் மில்லில் ஷிப்டுக்குப் போகிறவர். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி ரஃப் நோட்டின் பின்பக்கம் பிடிஎஸ் பாடகர்களின் பெயர்களைக் கொரிய எழுத்தில் எழுதிவைத்திருந்தாளாம். அதைப் பிடுங்கிவைத்துக்கொண்டு, வீட்டில் உட்கார்ந்து தானும் எழுதிப் பார்த்திருக்கிறாள். ஆரம்பம் இவ்வளவுதான். இப்போது கொரியப் பள்ளி ஒன்றில் ஆங்கில உதவி ஆசிரியராகப் போக முயல்கிறாள்.

அந்த வேலைக்கான விளம்பரங்களைப் பார்த்தால் முதல் வரியிலேயே ஏழு நாடுகள்: அமெரிக்கா, கனடா, பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா. 1995இல் தொடங்கிய 'எபிக்' என்கிற கொரிய அரசுத் திட்டமும் மொழி கற்பிப்போருக்கான இ-2 விசாவும் இந்த ஏழு பாஸ்போர்ட்டுகளைத்தான் 'ஆங்கிலம் தாய்மொழி' என்பதற்கான அடையாளமாக வைத்திருக்கின்றன. தென்னாப்பிரிக்காவில் வீட்டில் ஆங்கிலம் பேசுகிறவர்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு. அங்கிருந்து வருகிற ஆசிரியர் வீட்டில் ஜூலுவோ ஆஃப்ரிகான்ஸோ பேசி வளர்ந்திருக்கலாம், ஆங்கில வழியில் படித்ததற்கு ஆதாரம் காட்டினால் போதும். அப்படியானால் தாய்மொழி என்ற சொல்லில் தாய்க்கு என்ன வேலை?

இந்தியர்களுக்கு ஒரு பக்கவாட்டுக் கதவு உண்டு. 2009 ஆகஸ்டில் கையெழுத்தாகி 2010 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்த இந்திய-கொரியப் பொருளாதாரக் கூட்டு ஒப்பந்தத்தில், ஆங்கிலப் பட்டமும் ஆசிரியர் தகுதியும் உள்ள இந்தியர்கள் அரசுப் பள்ளிகளில் உதவி ஆசிரியர் ஆகலாம் என்று இருக்கிறது. சுங்க வரிக் குறைப்பைப் பக்கம் பக்கமாகப் பேசுகிற ஒப்பந்தத்துக்குள் ஆங்கில டீச்சருக்கும் ஒரு மூலை கிடைத்திருக்கிறது. இதை அவளிடம் சொன்னபோது, "அப்ப நாம எட்டாவது நாடாண்ணே?" என்று கேட்டாள். எட்டாவது இல்லை, உதவி என்றேன்.

காகித வேலை தனி. பட்டச் சான்றிதழை முதலில் மாநில அரசு சரிபார்க்க வேண்டும், பிறகு வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரை. அந்த உடன்படிக்கை இந்தியாவில் நடப்புக்கு வந்தது 2005இல், கொரியாவில் 2007இல். பாஸ்போர்ட் அலுவலகம் வழியாகப் போலீஸ் நன்னடத்தைச் சான்று. மருத்துவப் பரிசோதனை. நூறு மணி நேரத்துக்கு மேல் ஆன்லைனில் ஒரு ஆங்கிலம் கற்பிக்கும் படிப்பு. ஃபைலைத் தூக்கிக்கொண்டு இதற்கெல்லாம் அவளே அலைந்தாள். என்னிடம் கேட்டது அந்த ஒரு நிமிட வீடியோவுக்கு மட்டும்தான். ஏஜென்ட் ஒருவர் "ஆக்ஸென்ட் நியூட்ரலா இருக்கணும்" என்று சொல்லிவிட்டாராம். நியூட்ரல் என்றால் எந்த ஊர்க்காரர் என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

எனக்கு அது எந்த ஊர் என்று தெரியும். அல்லது தெரியும் என்று பத்து வருடமாக நடித்துக்கொண்டிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் கிளையண்ட் காலில் 'பிப்டீன்' என்றேன். யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் மட்டும், மிகவும் கனிவாக, "ஃபிஃப்டீன்?" என்று திருப்பிக் கேட்டார். அந்தக் கனிவு இன்றைக்கும் காதில் இருக்கிறது. அன்றிரவே யூடியூபில் உட்கார்ந்தேன். அடுத்த ஆறு மாதத்தில் என் 'எஃப்' சரியாகிவிட்டது. அதோடு நிற்கவில்லை. 'ஆர்' மாறியது, பெயர் இரண்டெழுத்தாகச் சுருங்கியது. ஊர் எது என்று கேட்டால், "சென்னைக்குப் பக்கம்" என்பேன். நானூறு கிலோமீட்டர் பக்கம்.

மாடியில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது எதை? இதுதான் என்னைத் தூங்கவிடாத கேள்வி. ஒரு வேலைக்குத் தயார் செய்வதற்கும் வேஷம் கட்டிவிடுவதற்கும் நடுவில் கோடு எங்கே இருக்கிறது?

எல்லாம் வேஷம் என்று சொல்லிவிட முடியாது. 'ஃபேன்' என்பதும் 'பேன்' என்பதும் வேறு வேறு சொற்கள். டீச்சர் இரண்டையும் ஒரே மாதிரி சொன்னால் பிள்ளைக்கு வித்தியாசம் எப்படிக் கேட்கும்? அங்கே உச்சரிப்பைத் திருத்திக்கொள்வது கேட்கிறவருக்குச் செய்கிற மரியாதை. 'ஆர்'-ஐ உருட்டினால் எந்தப் பிள்ளைக்கும் எந்தச் சொல்லும் புரியாமல் போகாது. அதை மழுங்கடிக்கச் சொன்னது, கேட்கிறவர் அவளுடைய ஊரைக் கண்டுபிடித்துவிடக் கூடாது என்பதற்காக. முதலாவது புரியவைக்கிற முயற்சி, இரண்டாவது ஏமாற்றுகிற முயற்சி. மாடியில் நான் கொடுத்த திருத்தங்களை எண்ணிப் பார்த்தேன். பெரும்பாலும் இரண்டாவது வகை. 'எஃப்'-ஐப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லியிருக்கவில்லை. ஏனென்றால் அதை அவள் ஏற்கெனவே சரிசெய்து வைத்திருந்தாள். உதட்டுக்கு முன்னால் ஒரு துண்டுப் பேப்பரைப் பிடித்துக்கொண்டு, அது 'ப'-வுக்கு எப்படித் துள்ளுகிறது, 'ஃப'-வுக்கு எப்படி நடுங்குகிறது என்று பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டதாகச் சொன்னாள். வகுப்பிலும் அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறாளாம்.

அந்தப் பேப்பர்தான் என்னை யோசிக்க வைத்தது. கொரிய மொழியிலும் 'எஃப்' கிடையாது. காஃபியை அவர்கள் ஏறக்குறைய 'கொப்பி' என்கிறார்கள். (இதை சித்தியிடம் சொன்னபோது, "நாம காலங்காலமா அதத்தானப்பா சொல்றோம்" என்றார்.) கே-டிராமா பார்ப்பவர்களுக்கு அந்த 'பைட்டிங்' தெரிந்திருக்கும். நாம் 'பஸ்ஸு', 'கேக்கு' என்று கடைசியில் ஓர் உயிரைச் சேர்ப்பதுபோலவே அவர்களும் 'பொஸு', 'கெய்க்கு' என்று சேர்க்கிறார்கள். வினை கடைசியில் வரும். 'ஏ', 'தி' என்று பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நிற்கிற காவலாளிகள் அவர்களுக்கும் இல்லை.

இன்னும் நுட்பமான ஒன்று இருக்கிறது. அவர்களுடைய சாதாரண 'ப' எழுத்து, சொல்லின் முதலில் ஒரு மாதிரியும் இரண்டு உயிர்களுக்கு நடுவில் வேறு மாதிரியும் ஒலிக்கும். பல்லில் உள்ள 'ப'-வும் அன்பில் உள்ள 'பு'-வும் நமக்கு ஒரே எழுத்து, வேறு ஒலி என்பதைப்போல. மூச்சை அழுத்திச் சொல்லும் 'ப'-வுக்குத் தனி எழுத்து வைத்திருக்கிறார்கள். 2000இல் கொரிய அரசு ரோமன் எழுத்து முறையை மாற்றியபோது, பேப்பரின் 'பி'-யில் தொடங்கிய பூசான் நகரம் பஸ்ஸின் 'பி'-க்கு மாறியது. ஊர் அங்கேயேதான் இருக்கிறது. எந்த 'பி' என்று இந்தக் கட்டுரையிலும் வெறும் எழுத்தால் காட்ட முடியாமல் பேப்பரையும் பஸ்ஸையும் கூப்பிடவேண்டியிருக்கிறது, பாருங்கள். திண்டுக்கல்லை இங்கிலீஷில் 'டிண்டிகல்' ஆக்கிவைத்திருக்கிற ஊர்க்காரர்களுக்கு பூசானின் கதையை விளக்கவே வேண்டாம்.

ஓஹையோவிலிருந்து வருகிற இருபத்து மூன்று வயதுப் பட்டதாரிக்கு 'எஃப்' எப்போது வந்தது என்று நினைவிருக்காது. கொரியக் குழந்தைக்கு அது ஏன் வரவில்லை என்பது அவருக்குப் புதிராக இருக்கும். என் சித்தி மகளுக்கு அது வலித்த இடம் தெரியும்.

இதை நான் புதிதாகக் கண்டுபிடித்துவிடவில்லை. கேரளத்தில் பிறந்து கனடாவில் அகராதி தொகுத்த தாமஸ் பைக்கடே, தாய்மொழிப் பேச்சாளர் என்பவர் செத்துவிட்டார் என்ற பொருளில் தலைப்பு வைத்து 1985இலேயே ஒரு புத்தகம் போட்டார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் போர்க்காலத்தில் ஆங்கிலம் கற்பித்த சுரேஷ் கனகராஜா, 1999இல் வந்த தன் நூலில் அந்த வகுப்பறைகளையே ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். மையத்திலிருந்து வந்த பாடப்புத்தகத்தை விளிம்பில் இருக்கிற மாணவர்கள் தங்களுக்கேற்ப வளைத்துக்கொள்வதை அதில் காட்டுகிறார். 'தாய்மொழிக்காரரே சிறந்த ஆசிரியர்' என்ற நம்பிக்கையைக் கேள்வி கேட்டும் அதே வருடம் ஒரு கட்டுரை எழுதினார். ஒரு யாழ்ப்பாணத் தமிழர் இதை எழுதி இவ்வளவு காலமான பிறகும், வேடசந்தூர் மாடியில் நான் 'உருட்டாத' என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆனால் கொரியப் பெற்றோரை வில்லனாக்க எனக்கு மனமில்லை. நவம்பரில் நடக்கிற அவர்களுடைய பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில், ஆங்கிலக் கேட்டல் பகுதி நடக்கும் அரைமணி நேரத்துக்கு நாடு முழுக்க விமானங்கள் ஏறுவதில்லை, இறங்குவதில்லை. ஒலிபெருக்கியில் வரப்போகிற அந்தக் குரலுக்குப் பிள்ளையின் காதைப் பழக்க வேண்டும் என்று நினைக்கிற அம்மாவை என்ன சொல்வது? சித்தப்பா நல்ல ஆங்கிலத்துக்காகக் கடன் வாங்கி ஃபீஸ் கட்டியவர்தான்.

ஊர்ப் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகலாமா என்று ஒரு உறவினர் அவளைக் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் நான் பெங்களூருக்கு பஸ் ஏறியபோது என்னை அதை யாரும் கேட்கவில்லை. இன்ஜினியரிடம் கேட்காத தியாகத்தை டீச்சரிடம் மட்டும், அதுவும் பன்னிரண்டாயிரம் சம்பளத்தில் இருக்கிற பெண்ணிடம் மட்டும் கேட்பதில் எனக்கு உடன்பாடில்லை. அவள் சொன்ன பதில் வேறு: "எட்டாவது பிள்ளைங்க பரீட்சை முடியட்டும், அதுக்கப்புறம்தான் போவேன்."

கிளம்புகிற அன்று காலையில் என்னிடம் கேட்டாள்: "அண்ணே, ஆபீஸ் மீட்டிங்ல உங்க பேர முழுசா சொல்வீங்களா?" பஸ்ஸுக்கு நேரமாச்சு என்றேன்.

வீடியோ அனுப்பிவிட்டதாக அடுத்த வாரம் மெசேஜ் வந்தது. எது என்று கேட்டேன். மூன்றாவது. உற்றுக் கேட்டால் கடைசி பத்து வினாடியில் பக்கத்து வீட்டு கிரைண்டர் மறுபடி ஓட ஆரம்பிப்பது கேட்குமாம். இன்னும் பதில் வரவில்லை. சான்றிதழ்கள் சென்னையில் இருக்கின்றன. அவள் அரையாண்டுத் தேர்வுத் தாள்களைத் திருத்திக்கொண்டிருக்கிறாள்.