கைப்பாஸ் போட்ட கணக்கு



பிலாத்து கைகழுவியதை நாம் மறப்பதில்லை. தலைமைக் குரு கைப்பாஸ் சொன்ன யோசனையையோ எளிதில் கடந்துவிடுகிறோம். இனம் முழுவதும் அழிவதிலும் பார்க்க ஒருவர் இறப்பதே நலம் என்று அவர் சங்கத்தாருக்கு எடுத்துச் சொன்னார் (அருளப்பர் 11:50). பொறுப்புள்ள தலைவர் ஒருவரின் பேச்சாகவே அது ஒலிக்கிறது. அதுதான் பயங்கரம்.

இத்தகைய கணக்கை மெய்யியலாக வளர்த்தவர் ஆங்கிலேயரான பெந்தாம் (1748–1832). அதிக மக்களுக்கு அதிக இன்பம் தருவதே சரி என்பது பயனீட்டுவாதம். அதில் இரு பிரிவுகள் உண்டு. ஒன்று, ஒவ்வொரு செயலையும் தனித்தனியே நிறுத்துப் பார்க்கும். நன்மை கூடுமானால் பொய்யும் சொல்லலாம். மற்றது, விதியை நிறுக்கும். பொய் மலிந்தால் நம்பிக்கை போய்விடும். ஆகவே இன்று இலாபம் தந்தாலும் பொய் சொல்லலாகாது.

இரண்டாவது மேலானதே. "எல்லாரும் இப்படிச் செய்தால் என்ன நடக்கும், பிள்ளை?" என்று தாய்மாரும் கேட்பதுண்டு. ஆனால் அங்கும் விதியைத் தாங்கி நிற்பது கணக்குத்தான். 'போர்க்காலம் தவிர' என்று சேர்த்தால் நன்மை கூடுமென ஒருவர் காட்டிவிட்டால், விதி வளைந்துகொடுக்க வேண்டும்.

போர் விரைவில் முடிந்தால் கூடுதலான உயிர்கள் தப்பும் என்பதே அணுகுண்டுக்குச் சொல்லப்பட்ட நியாயம். 1945 ஆகஸ்ட் 9இல் நாகசாகியில் அது வெடித்தது உரகாமிக் கத்தோலிக்கரின் தலைக்கு மேல். 12,000 பேரில் ஏறக்குறைய 8,500 பேர் மாண்டனர். மாதாவின் விண்ணேற்புத் திருநாளுக்கு ஆயத்தமாகப் பாவசங்கீர்த்தனம் நடந்துகொண்டிருந்தது. குருக்கள் இருவரும் கோவிலோடு அழிந்தனர். கோவிலில் ஒதுங்கியவர்கள்மேல் குண்டு விழுவது எப்படியென்று நம் குடும்பங்களுக்கும் தெரியும்.

1956இல் ஒக்ஸ்போட் பல்கலைக்கழகம் ட்ரூமனுக்குக் கௌரவப் பட்டம் வழங்க முன்வந்தபோது, கத்தோலிக்க மெய்யியலாளர் எலிசபெத் அன்ஸ்கொம் எழுந்து எதிர்த்தார். குற்றமற்றவரைக் கொல்வதை ஒரு வழியாகத் தெரிந்துகொள்வது எப்போதும் கொலையே என்றார். பட்டம் வழங்கப்பட்டது.

நன்மை விளையட்டும் என்று தீமை செய்யலாமெனச் சொல்வோரைச் சின்னப்பர் கண்டித்தார் (உரோமையர் 3:8). எந்த நோக்கமும் நல்லதாக்க முடியாத செயல்கள் உண்டென்று பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1993இல் எழுதிய சுற்றுமடலில் வலியுறுத்தினார். இறைவனின் சாயலைக் கூட்டிக் கழிப்பது எப்படி?

குண்டு போடும் அதிகாரம் நமக்கில்லை. காணி பிரிக்க நாம் கூடுகிறோம். 'வெளியிலே இருக்கிற தங்கச்சிக்குச் சொல்லாமல் எழுதிவிட்டால் எல்லாருக்கும் நிம்மதி' என்று யாராவது மெதுவாகச் சொல்வார். அந்த 'எல்லாருக்கும்' என்பதில் அவள் இருக்கிறாளா என்று, உறுதி எழுதுமுன் கேளுங்கள்.