கேம் சாட்டில் நாவைப் பேணுவோம்

அல்ஹம்து லில்லாஹ், வஸ்ஸலாத்து வஸ்ஸலாமு அலா ரஸூலில்லாஹ்.



போன வாரம் இஷா முடிந்து வீட்டுக்குப் போனேன். என் பதிமூன்று வயது மகன் ஹெட்செட் மாட்டிக்கொண்டு மொபைலில் துப்பாக்கி கேம் விளையாடிக்கொண்டிருந்தான். தோற்றுப்போன ஆத்திரத்தில், எதிரணியில் இருந்த யாரோ ஒரு பையனின் தாயைப் பழித்து ஒரு வார்த்தை சொன்னான். மஃரிபுக்குப் பிறகு மக்தபில் குர்ஆன் ஓதிய அதே நாவு! கேட்டபோது, "அத்தா, அங்க எல்லாரும் அப்படித்தான் பேசுறாங்க" என்றான்.

இமாம் வீட்டிலேயே இந்த நிலை. ஆகவே இந்த நஸீஹத் முதலில் எனக்கு, பிறகுதான் உங்களுக்கு.

நபி (ஸல்) அவர்கள், தன் பெற்றோரைத் தானே ஏசுவது பெரும்பாவங்களில் ஒன்று என்று எச்சரித்தார்கள். சொந்தப் பெற்றோரை யாராவது ஏசுவாரா என்று ஸஹாபாக்கள் வியந்து கேட்டார்கள். இவன் இன்னொருவரின் பெற்றோரை ஏச, அவர் திருப்பி இவனுடைய பெற்றோரை ஏசுவார் என்று விளக்கம் தந்தார்கள். இது புகாரியில் பதிவான ஹதீஸின் கருத்து. இன்றைய கேம் சாட்டில் தினமும் இதுதானே நடக்கிறது?

நம் பக்கத்தில் நடந்தது

2021 ஜூன் மாதம் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். பப்ஜி விளையாட்டை யூடியூபில் நேரலை செய்து, ஆபாசமாகவும் பெண்களை இழிவாகவும் பேசியதாகப் புகார்கள் வந்து, 'பப்ஜி மதன்' என்று அறியப்பட்டவர் ஜூன் 18 அன்று தருமபுரியில் கைது செய்யப்பட்டார். பிறகு குண்டர் சட்டமும் பாய்ந்தது. அவர் குறித்த தீர்ப்பு நீதிமன்றத்தின் வேலை. அவரைப் பழித்து நாம் புறம் பேச வேண்டாம். நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. அந்தப் பேச்சை ரசித்துக் கேட்டவர்களில் பள்ளிப் பிள்ளைகள் எத்தனை பேர்? அவர்கள் யார் வீட்டுப் பிள்ளைகள்?

மெஷினுக்குப் புரியாத தமிழ்

கேம் நிறுவனங்கள் சும்மா இருக்கவில்லை. கெட்ட வார்த்தையை மறைக்கும் ஃபில்டர், மியூட், பிளாக், ரிப்போர்ட் எல்லாம் வைத்திருக்கிறார்கள். 2023-ல் கால் ஆஃப் டூட்டி விளையாட்டில், பேச்சையே செயற்கை நுண்ணறிவால் கண்காணிக்கும் முறை வந்தது. ஆனால் அது முதலில் ஆங்கிலத்துக்குத்தான் வந்தது. நம் பிள்ளைகள் திட்டுவதோ தமிழில். அதையும் ஆங்கில எழுத்தில், ஒரு எழுத்தை மாற்றி அடிக்கிறார்கள். மெஷின் ஏமாந்துபோகலாம். கூட விளையாடுகிறவனுக்கு அது புரியும். ஒவ்வொரு சொல்லையும் பதிவு செய்யத் தயாராக இருக்கும் மலக்குக்கும் புரியும் (அல்குர்ஆன் 50:18).

அப்படியானால் தீமையைத் தடுக்கும் பொறுப்பு யாருக்கு? புரிந்தவருக்குத்தான்.

ஹிஸ்பா கற்றுத்தரும் மூன்று ஒழுங்குகள்

முற்கால இஸ்லாமிய நகரங்களில் கடைவீதியைக் கண்காணிக்க 'முஹ்தஸிப்' என்ற அதிகாரி இருந்தார். இமாம் மாவர்தீ, இமாம் கஸ்ஸாலீ போன்றோர் இந்த ஹிஸ்பா பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்கள். அதில் கேம் சாட்டுக்கும் பாடம் இருக்கிறது.

ஒன்று: வெளிப்படையான தீமையைத்தான் தடுக்க வேண்டும். துருவித் துருவி ஆராய்வது கூடாது (49:12).

இரண்டு: உறுதி செய்த பிறகே நடவடிக்கை (49:6). இளைஞர்களே, ஜெயித்தவன் மீதுள்ள கோபத்தில் நாலு பேர் சேர்ந்து பொய் ரிப்போர்ட் அடித்து அவன் ஐடியை முடக்குகிறீர்களே, அது பொய்ச்சாட்சி இல்லாமல் வேறென்ன?

மூன்று: படிப்படியாகப் போக வேண்டும். முதலில் தவறு என்று தெரியப்படுத்துவது, பிறகு மென்மையாக உபதேசிப்பது, அதற்கும் அடங்காவிட்டால் கடுமை. ஒரு ஸ்குவாடில் நான்கு பேர் இருந்தால், ஒருவன் "டேய், அம்மாவை இழுக்காதே" என்று சொல்லட்டும். கேட்கவில்லையா, மியூட். தொடர்கிறானா, ரிப்போர்ட். பெண் பிள்ளைகளை மிரட்டினாலோ, படம் கேட்டாலோ தாமதம் வேண்டாம். ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பெற்றோரிடம் சொல்லுங்கள், சைபர் குற்றப் புகார் தளத்தில் பதிவு செய்யுங்கள். குழந்தைகளுக்கு 1098 உதவி எண் இருக்கிறது.

கப்பலின் கீழ்த்தளத்தில் ஓட்டை போடுகிறவர்களை மேல்தளத்தார் தடுக்காவிட்டால் எல்லோரும் மூழ்குவார்கள் என்று நபி (ஸல்) அவர்கள் உவமை சொன்னார்கள். ஸ்குவாடும் ஒரு கப்பல்தான். செங்கத்துத் தெருவில் உட்கார்ந்து விளையாடும் நம் பிள்ளைகளோடு மாற்றுமதச் சகோதரர்களின் பிள்ளைகளும் அந்தக் கப்பலில் இருக்கிறார்கள். அவர்கள் இஸ்லாத்தைப் பார்ப்பது நம் பிள்ளைகளின் நாவில்தான்.

பெற்றோர்களே! போனைப் பிடுங்கி உடைப்பதால் நாவு திருந்தாது. நாம் கடையிலும் வண்டி ஓட்டும்போதும் பேசுவதைத்தான் அவர்கள் அங்கே பேசுகிறார்கள். வாரத்தில் ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து, ஹெட்செட்டைக் கழற்றச் சொல்லி, என்ன பேசப்படுகிறது என்று கேளுங்கள்.

தொழுகை, நோன்பு, ஜகாத்தோடு மறுமையில் வந்தும், பிறரை ஏசியதால் நன்மைகளை எல்லாம் இழந்து நிற்பவனே உண்மையான ஏழை என்று முஸ்லிமில் வரும் ஹதீஸ் கூறுகிறது. அதனால், ஏசப்பட்ட பையனின் ஐடிக்கு மன்னிப்புக் கேட்டு மெசேஜ் அனுப்பும்படி என் மகனிடம் சொன்னேன். அனுப்பினான். இன்றுவரை பதில் வரவில்லை. "அத்தா, அவன் மன்னிக்கலன்னா?" என்று கேட்கிறான். அந்தப் பையனுக்கும் அவன் தாய்க்கும் துஆச் செய்து வா என்று சொல்லியிருக்கிறேன். முகம் தெரியாதவரை ஏசுவது எளிது. அவரைத் தேடி மன்னிப்பு வாங்குவதுதான் கஷ்டம்.

யா அல்லாஹ்! எங்கள் நாவுகளையும் எங்கள் பிள்ளைகளின் நாவுகளையும் பாதுகாப்பாயாக! நல்லதைப் பேசவும், இல்லையேல் மௌனமாக இருக்கவும் தவ்ஃபீக் செய்வாயாக! ஆமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.